ஆசிரியர்கள் கழுத்துவலி வராமல் இருக்க என்ன செய்கிறார்கள்? அதை ஒழுங்காக அளப்பது எப்படி

நான் பிசியோதெரபிஸ்ட். அரையாண்டுத் தேர்வு முடிந்து ஜனவரியில் பள்ளி திறக்கிற வாரமும், பொதுத்தேர்வு விடைத்தாள் திருத்தி முடிக்கிற ஏப்ரல் கடைசியும் எனக்கு நன்றாகத் தெரியும். டீச்சர்களும் சார்களும் பிடரியில் கை வைத்துக்கொண்டே உள்ளே வருவார்கள். "கல்லு மாதிரி இறுகிப் போயிருக்கு", "இந்தப் பக்கம் திரும்பினா நரம்பு இழுக்குது", "கட்டு திருத்தி முடிச்சதும் ஆரம்பிச்சுது மேடம்". கட்டு என்றால் விடைத்தாள் கட்டு. ஒரு பாடத்துக்கு ஐந்து வகுப்பு, வகுப்புக்கு 40 பேர் என்று வையுங்கள், 200 தாள். ஒரு தாளுக்கு 5 நிமிடம் என்றாலும் 1,000 நிமிடம், அதாவது கிட்டத்தட்ட 17 மணி நேரம் தலையைக் குனிந்தபடி.

கொஞ்ச நாளாக எம்.பி.டி. (பிசியோதெரபி முதுகலை), எம்.எட். படிக்கிற பிள்ளைகள் வந்து ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: ஆசிரியர்கள் வேலையால் வரும் கழுத்துவலியை எப்படித் தடுத்துக்கொள்கிறார்கள் என்று அளக்கணும், ஏதாவது ரெடியா கேள்வித்தாள் இருக்கா? ஒரு தலைமையாசிரியரும் கேட்டார், அவர் பள்ளிக்கு மட்டும். அவர்கள் எல்லோருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். வலியை அளக்க நல்ல கருவிகள் ஏற்கெனவே இருக்கின்றன, அதில் நேரத்தை வீணாக்க வேண்டாம். கஷ்டமான பகுதி, ஒரு ஆசிரியர் உண்மையில் என்ன செய்கிறார், செய்ய அவருக்கு வழி இருக்கிறதா என்று கண்டுபிடிப்பதுதான். பெரும்பாலான புராஜெக்டுகள் "சரியாக உட்கார வேண்டும் என்று தெரியுமா" என்று கேட்டுவிட்டு நின்றுவிடுகின்றன. தெரியும் என்று எல்லோரும்தான் சொல்வார்கள்.

முதலில் போய் உட்கார்ந்து பாருங்கள்

கேள்வி எழுதும் முன் ஒரு முழு நாள் பள்ளியில் இருங்கள். நோட்டில் குறித்துக்கொண்டே இருங்கள், யாரையும் எதுவும் கேட்க வேண்டாம். நான் அப்படி உட்கார்ந்திருந்தபோது பார்த்ததைச் சொல்கிறேன். கணக்கு டீச்சர் ஒருவர், மதியம் கிடைத்த ஒரே ப்ரீ பீரியடில் கட்டைப் பிரித்தார். முதல் நாலைந்து தாள் வரைக்கும் முதுகு நாற்காலியில் சாய்ந்திருந்தது. பத்தாவது தாளுக்குள் உடம்பு முன்னால் வந்துவிட்டது, இடது முழங்கை மேசையில் ஊன்றி, அந்தக் கையிலேயே கன்னத்தைத் தாங்கி, தலை இடப்பக்கம் சாய்ந்து, சிவப்பு மை பேனா மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் போன் அடித்தது. தலையைத் தூக்காமலே காதுக்கும் தோளுக்கும் நடுவில் போனைச் செருகிக்கொண்டு பேசினார், கை திருத்துவதை நிறுத்தவில்லை. மணி அடித்ததும் எழுந்து கழுத்தை ஒரு சுழற்று சுழற்றி, சடக்கென்று சத்தம் வரவைத்துவிட்டு வகுப்புக்குப் போனார். அந்தச் சுழற்றலை அவர் 'கழுத்துப் பயிற்சி' என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார், பிறகு கேட்டபோது தெரிந்தது.

இந்த ஒரு பீரியடிலிருந்து மட்டும் எனக்கு ஆறு கேள்விகள் கிடைத்தன. உட்கார்ந்த இடத்திலிருந்து யோசித்திருந்தால் போன் கேள்வி எனக்குத் தோன்றியே இருக்காது.

வகுப்பறைக்குள்ளும் பாருங்கள். உயரம் குறைந்த ஆசிரியர் கரும்பலகையின் மேல்விளிம்பில் தேதியும் தலைப்பும் எழுதும்போது தலை பின்னால் மடிகிறது. முன்பெல்லாம் பலகைக்குக் கீழே ஒரு மேடை இருக்கும், ஸ்மார்ட் போர்டு மாட்டும்போது சில இடங்களில் அதை எடுத்துவிட்டார்கள். தொடக்கப்பள்ளி என்றால் கதையே வேறு: குழந்தைகளின் உயரத்துக்குக் குனிந்து, தரையில் உட்கார்ந்து, குட்டி மேசையில் நோட்டு பார்க்கிறார்கள். வருகைப்பதிவும் இன்னும் பல விவரங்களும் கல்வித்துறையின் எமிஸ் செயலியில் ஏற்ற வேண்டியிருப்பதால் அரசுப்பள்ளி ஆசிரியர்களுக்குப் போனில் குனிகிற நேரமும் கூடியிருக்கிறது. இதையெல்லாம் சேர்க்காமல் அலுவலக ஊழியருக்கான கேள்வித்தாளை எடுத்து 'கம்ப்யூட்டர்' என்ற இடத்தில் 'கரும்பலகை' என்று மாற்றினால் அது ஆசிரியரை அளக்காது.

பார்த்த பிறகு எட்டுப் பத்து பேரிடம் தனித்தனியாகப் பேசுங்கள். வலி உள்ளவர், இல்லாதவர், ஓய்வு பெறப் போகிறவர், போன வருடம் சேர்ந்தவர் என்று கலந்து. வலியே வராத மூத்த ஆசிரியர்களை விட்டுவிடாதீர்கள், அவர்களிடம்தான் சரக்கு இருக்கிறது. ஒரு தமிழாசிரியர் என்னிடம் சொன்னார், பரீட்சை அட்டையின் மேல்பக்கத்துக்கு அடியில் இரண்டு மூன்று காம்போசிஷன் நோட்டை வைத்துச் சாய்வாக்கி அதில் வைத்துத்தான் திருத்துவாராம், முப்பது வருடமாக. யாரும் சொல்லித்தந்ததில்லை. தாள் கண்ணை நோக்கிச் சாய்ந்து வந்தால் தலை குறைவாகக் குனிந்தால் போதும், அவ்வளவுதான் விஷயம், ஆனால் அது அப்படியே ஒரு கேள்வியாகிவிட்டது.

எதை எதை அளக்கணும்

நான் மூன்று குவியலாகப் பிரிப்பேன். தெரிந்தது, செய்வது, செய்ய வழி இருப்பது. சுகாதாரக் கல்வியில் லாரன்ஸ் கிரீன் 1970களில் உருவாக்கிய பிரெசீட் மாதிரியும் ஏறக்குறைய இப்படித்தான் பார்க்கும்: ஒரு பழக்கத்துக்கு மனதைத் தயாராக்குவது, அதைச் செய்ய இயலும்படி ஆக்குவது, செய்ததைத் தொடர வைப்பது. தீசிஸ் எழுதுகிறவர்கள் அந்தச் சட்டகத்தை எடுத்துக்கொள்ளலாம். பள்ளிக்கு மட்டும் செய்கிறவர்களுக்கு மூன்று குவியல் போதும்.

தெரிந்ததற்கு நாலைந்து கேள்விக்கு மேல் செலவு செய்யாதீர்கள்.

செய்வதுதான் முக்கியம், இங்கே இருபது கேள்வி வரைக்கும் போகலாம். ஒவ்வொரு கேள்வியும் ஒரே ஒரு செயலைக் கேட்க வேண்டும், காலம் குறிப்பாக இருக்க வேண்டும். "நான் திருத்தும்போது அடிக்கடி இடைவெளி விடுவேன்" என்பது உபயோகமில்லாத கேள்வி, ஒருவருக்கு 'அடிக்கடி' என்றால் அரை மணிக்கு ஒருமுறை, இன்னொருவருக்குக் காலை மாலை. அதற்குப் பதில் இப்படி: "கடைசியாகத் திருத்திய கட்டை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் எழுந்திருக்காமல் தொடர்ந்து எத்தனை தாள் திருத்தினீர்கள்?" அவர் ஒரு எண்ணைச் சொல்வார், அந்த எண்ணில் பொய் சொல்வது கடினம். அல்லது: "கடந்த 7 நாட்களில் எத்தனை நாள் கழுத்துக்கும் தோளுக்குமான பயிற்சியைக் குறைந்தது 5 நிமிடம் செய்தீர்கள்?" பதிலுக்கு ஒரு நாளும் இல்லை, 1–2 நாள், 3–4 நாள், 5 நாளும் அதற்கு மேலும் என்று நாலு கட்டம். 'எனக்குப் பொருந்தாது' என்று ஐந்தாவது கட்டம் கட்டாயம் வேண்டும். பலகையே பயன்படுத்தாத கம்ப்யூட்டர் ஆசிரியர் பலகைக் கேள்விக்குச் சுழியம் வாங்கக் கூடாது.

இன்னும் சில, நான் வைத்திருப்பவற்றிலிருந்து: போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் செருகிப் பேசினீர்களா, போனில் விவரம் ஏற்றும்போது அதை மடியில் வைத்தீர்களா, மார்பு உயரத்துக்குத் தூக்கினீர்களா, பலகையில் கண்ணுக்கு மேலே உள்ள பகுதியைத் தவிர்த்தீர்களா, நோட்டுக் கட்டை ஒரே தோளில் தொங்கவிட்டுப் போனீர்களா, பிரித்து எடுத்துப் போனீர்களா, வலி தலைகாட்டியதும் என்ன செய்தீர்கள் (நிறுத்தினேன், தைலம் தேய்த்துக்கொண்டு தொடர்ந்தேன், மாத்திரை போட்டுத் தொடர்ந்தேன், ஒன்றும் செய்யவில்லை). கடைசிக் கேள்வி மிக உதவும். தைலம் தேய்த்துக்கொண்டு தொடர்வது வலியைச் சமாளிப்பது, தடுப்பது அல்ல. இரண்டையும் ஒரே மதிப்பெண்ணில் கலக்காதீர்கள்.

எல்லாச் செயலுக்கும் ஒரே எடை கொடுக்கலாமா என்றும் யோசியுங்கள். புதிதாகக் கழுத்துவலி வராமல் தடுப்பதில் உடற்பயிற்சிக்கு உள்ள சான்று, மேசை நாற்காலியை மாற்றுவதற்கு மட்டும் உள்ள சான்றைவிட வலுவானது, அதுவும் பெரும்பாலும் அலுவலக ஊழியரிடம் செய்த ஆய்வுகள். 'இதுதான் சரியான உட்காரும் முறை' என்று ஒன்றைப் பிடித்துக்கொண்டு அதற்கு முழு மதிப்பெண் தருவதில் எனக்கு உடன்பாடில்லை. எவ்வளவு நல்ல இருப்பாக இருந்தாலும் இரண்டு மணி நேரம் அசையாமல் இருந்தால் வலிக்கும். அதனால் நிலையை மாற்றுவது, எழுந்து நடப்பது, பயிற்சி, இந்த மூன்றைச் சுற்றித்தான் என் கேள்விகளில் பாதி இருக்கும்.

அப்புறம் மூன்றாவது குவியல், வழி இருக்கிறதா. இதை விட்டுவிட்டு ஆசிரியரை மட்டும் அளப்பது அநியாயம் என்றே சொல்வேன். ஸ்டாஃப் ரூமில் இருப்பது பிளாஸ்டிக் ஸ்டூல் என்றால் முதுகைச் சாய்க்க எங்கே போவார்? ப்ரீ பீரியடில் சப்ஸ்டிட்யூஷன் போட்டுவிட்டால் எழுந்து நடக்க ஏது நேரம்? கல்வி உரிமைச் சட்டம், 2009, தன் அட்டவணையில் ஆசிரியருக்கு வாரத்துக்குக் குறைந்தது 45 மணி நேரம் என்று சொல்கிறது, அதில் தயாரிப்பு நேரமும் சேர்த்திதான். அந்தத் தயாரிப்பு நேரம் பள்ளியில் நிஜமாகக் கிடைக்கிறதா என்று கேளுங்கள்: "கடந்த வாரம் உங்களுக்கு அட்டவணையில் எத்தனை ப்ரீ பீரியட், அதில் எத்தனை உங்கள் கையில் மிஞ்சியது?" வீட்டுக்கு எத்தனை கட்டு எடுத்துப் போனார், வீட்டில் எங்கே உட்கார்ந்து திருத்தினார் என்றும் கேளுங்கள். கட்டிலில் சம்மணமிட்டு, மடியில் தலையணை வைத்து அதன்மேல் தாள் என்று சொல்பவர்கள் ஏராளம், அதுவும் சமையல் முடித்து, பிள்ளைகளைத் தூங்கவைத்த பிறகு.

வசதியைக் கேட்பதோடு நிறுத்தாமல் டேப்பால் அளந்துவிடுங்கள், ஒரு மணி நேர வேலை. நாற்காலி இருக்கையின் உயரம், மேசையின் உயரம், உட்கார்ந்து முழங்கையை மடக்கினால் தரையிலிருந்து முழங்கை எவ்வளவு உயரம், பலகையின் மேல்விளிம்பு எவ்வளவு, நின்றால் ஆசிரியரின் கண் எவ்வளவு. எல்லாம் சென்டிமீட்டரில். மேசை முழங்கையைவிட ரொம்ப உயரம் என்றால் தோள் தூக்கிக்கொண்டே இருக்கும், ரொம்பத் தாழ்வு என்றால் தலை கூடுதலாகக் குனியும். இது அவருடைய கவனக்குறைவு கிடையாது.

தமிழ்ச் சொல்லில் வரும் சிக்கல்

ஆங்கிலக் கேள்வித்தாளை மொழிபெயர்ப்பவர்கள் இந்த இடத்தில்தான் வழுக்குகிறார்கள். 'கழுத்து' என்றால் முன்பக்கமும் கழுத்துதான். ஆசிரியர்களுக்குத் தொண்டை கட்டுவதும் குரல் போவதும் சாதாரணம். "கழுத்தில் தொந்தரவு உண்டா" என்று கேட்டதற்கு ஒருவர் ஆமாம் என்று எழுதி, விசாரித்தபோது தொண்டையைத் தொட்டுக் காட்டினார். இன்னொரு பக்கம், உண்மையில் கழுத்துவலி உள்ளவர் அதைத் 'தோள்பட்டை வலி' என்பார், ஏனென்றால் வலி இறங்கி நிற்பது அங்கே. அதனால் பின்பக்கம் காட்டும் உடல் படம் ஒன்றை வரைந்து, பிடரியையும் கழுத்தையும் நிழலிட்டுக் காட்டுங்கள். உடல் வலியை விசாரிக்கும் நார்டிக் கேள்வித்தாளிலும் அப்படி ஒரு படம் உண்டு, உடலை ஒன்பது பகுதியாகப் பிரித்திருப்பார்கள்.

'உடற்பயிற்சி' என்றால் காலை வாக்கிங்கை நினைக்கிறார்கள். 'ஓய்வு' என்றால் தூக்கம். ஒரு டீச்சரிடம் "ப்ரீ பீரியடில் ஓய்வெடுப்பீர்களா" என்றேன். "எங்க மேடம், அப்பதானே நோட்டு திருத்த முடியும்" என்றார். அவர் சொன்னதைக் கேட்டுத்தான் அந்தச் சொல்லையே எடுத்துவிட்டு "எழுந்து நடந்தீர்களா" என்று மாற்றினேன். 'நிமிர்ந்து' என்ற சொல்லுக்கோ நம் மொழியில் ஒரு பெருமை ஒட்டியிருக்கிறது. நிமிர்ந்து உட்காருவீர்களா என்று கேட்டால் இல்லை என்று சொல்ல யாருக்கும் வாய் வராது.

கேள்விகளை எழுதியதும் ஐந்தாறு ஆசிரியர்களை வாய்விட்டுப் படிக்கச் சொல்லி, "இதைப் படித்ததும் உங்களுக்கு என்ன தோன்றியது" என்று கேளுங்கள். தடுமாறுகிற இடமெல்லாம் கேள்வியின் குறைதான்.

நிபுணர்களிடம் காட்டுவதும் சோதித்துப் பார்ப்பதும்

தீசிஸுக்கு இது இல்லாமல் நகராது. பத்துப் பேரிடம் காட்டுங்கள்: பிசியோ, எலும்பு மருத்துவர், தொழில்சார் உடல்நலம் தெரிந்தவர், அப்புறம் குறைந்தது மூன்று ஆசிரியர்கள். நம் ஊரில் நிபுணர் என்றால் டாக்டர் மட்டுந்தான் என்று நினைத்து ஆசிரியர்களை விட்டுவிடுகிறார்கள், அது பெரிய தவறு. ஒவ்வொரு கேள்விக்கும் அது அவசியமா, பயனுள்ளது ஆனால் அவசியமில்லையா, தேவையே இல்லையா என்று குறிக்கச் சொல்லுங்கள். இதற்கு லாஷே என்ற ஆய்வாளர் 1975-ல் கொடுத்த கணக்கு எளிது: 'அவசியம்' என்றவர்களின் எண்ணிக்கையிலிருந்து மொத்தப் பேரில் பாதியைக் கழித்து, அதை அந்தப் பாதியால் வகுங்கள். பத்துப் பேர் என்றால் 0.62-க்குக் குறையக் கூடாது. எட்டுப் பேர் அவசியம் என்றால் 0.6 தான் வரும், போதாது. ஒன்பது பேர் வேண்டும். பொருத்தத்தைத் தனியாக 1 முதல் 4 வரை மதிப்பிடச் சொல்லி, 3 அல்லது 4 கொடுத்தவர்களின் பங்கு 0.78-க்கு மேல் இருக்கிறதா என்றும் பாருங்கள். எண் குறைந்த கேள்வியைக் கண்ணை மூடிக்கொண்டு தூக்கி எறிய வேண்டாம். டாக்டர்கள் வேண்டாம் என்று சொல்லி மூன்று ஆசிரியரும் வேண்டும் என்ற கேள்வி என்றால் நான் அதை வைத்துக்கொள்வேன், காரணத்தையும் எழுதிவிடுவேன்.

பிறகு முப்பது பேரிடம் கொடுத்து, இரண்டு வாரம் கழித்து அதே முப்பது பேரிடம் மீண்டும் கொடுங்கள். இரண்டு பதிலும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் ஐ.சி.சி. அளவு 0.75-க்கு மேல் இருந்தால் நன்று. இரண்டு வாரமும் ஒரே மாதிரி வாரமாக இருக்க வேண்டும், நடுவில் மாதத் தேர்வு வந்துவிட்டால் பழக்கமே மாறிவிடும், கேள்வித்தாள் மேல் பழி விழும்.

குரோன்பாக் ஆல்ஃபா (கேள்விகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் எண்) 0.7 வரவில்லை என்று பிள்ளைகள் அழாத குறையாக வருவார்கள். மனப்பான்மை, நம்பிக்கை மாதிரி விஷயங்களுக்கு அந்த அளவு பொருந்தும், எல்லாக் கேள்வியும் உள்ளே இருக்கும் ஒரே விஷயத்தைத்தான் தொடுகின்றன. செயல்கள் அப்படி இல்லை. சாய்வட்டை வைத்துத் திருத்துபவர் போனைத் தோளில் செருகாதவராகவும் இருக்க வேண்டும் என்று ஒரு கட்டாயமும் கிடையாது. செயல் பட்டியலுக்கு ஆல்ஃபா குறைவாக வந்தால் அதற்காக நல்ல கேள்விகளை வெட்டாதீர்கள், திரும்பக் கேட்டால் அதே பதில் வருகிறதா என்பதைப் பாருங்கள். கைடு கேட்டால் இந்தக் காரணத்தைச் சொல்லுங்கள், ஒப்புக்கொள்வார்.

சொன்னதும் செய்ததும் ஒன்றா

கேள்வித்தாளை மட்டும் நம்ப முடியாது, கண்ணாலும் பார்க்க வேண்டும். எல்லோரையும் பார்க்க முடியாவிட்டால் பதினைந்து இருபது பேரையாவது. அவர் திருத்தும்போது பக்கவாட்டில் உட்காருங்கள், பத்து நிமிடத்துக்கு, 30 விநாடிக்கு ஒருமுறை தலை எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று குறியுங்கள், 20 குறிப்பு கிடைக்கும். கோணத்துக்கு மெக்கடாம்னியும் கார்லெட்டும் 1993-ல் கொடுத்த, வேலையின்போது உடம்பு இருக்கும் நிலைக்கு மதிப்பெண் போடும் ரூலா முறையின் கழுத்துப் பகுதியை எடுத்துக்கொள்ளலாம்: 10 பாகை வரை குனிந்தால் 1, 10 முதல் 20 வரை 2, 20-ஐத் தாண்டினால் 3, பின்னால் சாய்ந்தால் 4. தலை திரும்பியிருந்தாலோ பக்கவாட்டில் சாய்ந்திருந்தாலோ தலா ஒன்று கூட்ட வேண்டும். அந்தக் கணக்கு டீச்சரின் கன்னத்தைக் கையில் தாங்கிய இருப்பு இந்த முறையில் 3-உம் ஒன்றும் சேர்த்து 4.

போட்டோ எடுத்தும் அளக்கலாம். காதின் முன்னே இருக்கும் சிறு மடலிலிருந்து, பிடரிக்குக் கீழே துருத்தி நிற்கும் ஏழாவது கழுத்தெலும்பு வரை ஒரு கோடு, அந்த எலும்பிலிருந்து கிடையாக ஒரு கோடு, நடுவில் உள்ள கோணம். அது சிறுத்தால் தலை முன்னால் தள்ளியிருக்கிறது என்று அர்த்தம். போட்டோ என்றால் எழுத்தில் சம்மதம் வேண்டும், படத்தில் ஒரு மாணவர்கூட விழக் கூடாது. பெண் ஆசிரியர்களைப் படமெடுக்கும்போது இன்னொரு பெண் ஆசிரியர் உடன் இருக்கட்டும், படத்தை அவர் கண் முன்னேயே காட்டுங்கள்.

முதல் சில நிமிடம் எல்லோரும் ஒழுங்காக உட்காருவார்கள், நாம் பார்க்கிறோம் என்று தெரியும். தாள் ஏற ஏற மறந்துவிடுவார்கள். அதனால் முதல் கால் மணி நேரத்தைக் கணக்கில் சேர்க்காமல் அதற்குப் பிறகு குறிக்க ஆரம்பியுங்கள்.

வலியையும் கூடவே, சுருக்கமாக

மேலே சொன்ன நார்டிக் கேள்வித்தாள் 1987-ல் வந்தது. கடந்த 12 மாதத்தில் வலி இருந்ததா, அதனால் வழக்கமான வேலை தடைபட்டதா, கடந்த 7 நாளில் இருந்ததா என்று கேட்கும். வலியின் அளவுக்கு 0 முதல் 10 வரை ஒரு கோடு. அன்றாட வேலை எவ்வளவு பாதிக்கிறது என்று பார்க்க, வெர்னனும் மியோரும் 1991-ல் வெளியிட்ட நெக் டிசெபிலிடி இண்டெக்ஸ் இருக்கிறது, பத்துப் பகுதி, மொத்தம் 50 மதிப்பெண். 4 வரை பாதிப்பில்லை, 5–14 லேசு, 15–24 நடுத்தரம், 25–34 கடுமை. அனுமதி கேட்டுப் பயன்படுத்துங்கள். அதில் ஒரு பகுதி கார் ஓட்டுவதைப் பற்றியது, பேருந்தில் போகிற ஆசிரியர் அதைக் காலியாக விடுவார், அப்போது 45-க்குக் கணக்கிட்டு விழுக்காடாக மாற்றிக்கொள்ளுங்கள்.

வேலையால் வந்த வலிதானா என்று நேரடியாகக் கேட்காதீர்கள். மே மாத விடுமுறையில் குறைந்ததா, ஞாயிற்றுக்கிழமை எப்படி இருக்கும், கட்டு திருத்தும் வாரத்தில் கூடுகிறதா என்று கேளுங்கள். கை மரத்துப்போவது, சாக்பீஸ் பிடி தளர்வது, நடை தள்ளாடுவது, காய்ச்சலோடு கழுத்து விறைப்பது, விழுந்த பிறகு அல்லது விபத்துக்குப் பிறகு வந்த வலி, இவற்றில் ஏதாவது குறித்திருந்தால் அந்தத் தாளை அன்றைக்கே தனியாக எடுத்து அவரை மருத்துவரிடம் போகச் சொல்லுங்கள். ஆராய்ச்சி முடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அதற்காகவே தாளின் கடைசியில், விரும்பினால் போன் எண் எழுதும்படி ஒரு கிழிக்கும் துண்டு வைத்துவிடுங்கள்.

எப்போது, யார் கையால்

ஆகஸ்டில் அளந்தால் ஒரு பள்ளி, டிசம்பர் கடைசியில் அளந்தால் வேறு பள்ளி. இரண்டு முறையும் அளக்க முடிந்தால் அதுதான் சிறப்பு. ஒருமுறைதான் முடியும் என்றால் திருத்தும் வாரம் முடிந்த கையோடு அளங்கள், நினைவு பசுமையாக இருக்கும், பழக்கத்துக்கு உண்மையான சோதனையும் அந்த வாரத்தில்தான்.

தலைமையாசிரியர் கையால் தாளைக் கொடுக்க வேண்டாம். ஆரம்பத்தில் எனக்கு இது புரியவில்லை. ஒரு பள்ளியில் அலுவலக உதவியாளர் சுற்றறிக்கையோடு சேர்த்துக் கொடுத்து, கையெழுத்து வாங்கி, மாலையில் திரட்டித் தந்தார். எல்லாத் தாளிலும் எல்லாம் நன்று. ஒரு தாளிலும் ஒரு குறை இல்லை. அதே பள்ளியில் நான் மதிய உணவு நேரத்தில் போய் உட்கார்ந்து, பெயர் வேண்டாம் என்று சொல்லி மறுபடி கொடுத்தபோது வந்த பதில்கள் வேறு மாதிரி. பெயருக்குப் பதில் ஒரு குறியீடு போதும்: அம்மா பெயரின் முதல் எழுத்து, பிறந்த நாளின் தேதி மட்டும், போன் எண்ணின் கடைசி இரண்டு இலக்கம். இரண்டாவது முறை அளக்கும்போதும் அவரே அதை மறுபடி எழுதிவிடுவார், நாம் பொருத்திக்கொள்ளலாம். பெட்டியில் போட்டுவிட்டுப் போகட்டும், கையில் வாங்காதீர்கள்.

எத்தனை பேர் என்றால், ஒரு பள்ளிக்கு மட்டும் என்றால் எல்லோரும். மாவட்ட அளவில் எத்தனை விழுக்காட்டினர் தடுப்புப் பழக்கம் உள்ளவர்கள் என்று சொல்ல வேண்டுமானால், பாதிப் பேருக்கு அது உண்டு என்று வைத்துக்கொண்டு, விடை 5 விழுக்காட்டுப் புள்ளி கூடக்குறைய இருக்கலாம் என்று கணக்கிட்டால் 384 வரும், திரும்பி வராத தாளுக்காகக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள்.

எண்களைப் படிக்கும்போது

மூன்று குவியலுக்கும் தனித்தனி மதிப்பெண் போடுங்கள், கூட்டி ஒரே எண்ணாக்க வேண்டாம். தெரிந்தது 90 விழுக்காடு, செய்வது 30, வழி இருப்பது 25 என்று ஒரு பள்ளியில் வந்தால் அங்கே வகுப்பெடுத்துப் பயனில்லை, நாற்காலியும் நேரமும் வேண்டும். வழி இருப்பது 80, செய்வது 30 என்றால்தான் பயிற்சி வகுப்பு. இரண்டையும் கூட்டியிருந்தால் இந்த வித்தியாசம் மறைந்தே போயிருக்கும்.

இன்னொரு பொறி இருக்கிறது, அனுபவப்பட்டவர்களே விழுவார்கள். கழுத்துப் பயிற்சி செய்பவர்களுக்குத்தான் வலி அதிகம் என்று உங்கள் கணக்கு காட்டலாம். பயிற்சி கெடுதல் என்று எழுதிவிடாதீர்கள். வலி வந்த பிறகுதான் பெரும்பாலோர் பயிற்சியைத் தொடங்குகிறார்கள், நாங்கள்தானே சொல்லிக்கொடுத்து அனுப்புகிறோம். அதனால் ஒவ்வொரு பழக்கத்தோடும் "இதை வலி வருவதற்கு முன்பே செய்தீர்களா, வந்த பிறகா" என்று ஒரு சின்னக் கட்டம் வையுங்கள். வலி இல்லாதவர்களை மட்டும் தனியே பிரித்து, அடுத்த தேர்வு வரைக்கும் பின்தொடர்ந்து, அவர்களில் யாருக்குப் புதிதாக வலி வருகிறது என்று பார்த்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். தீசிஸ் காலம் அதற்குப் போதாது என்றால் குறைந்தபட்சம் 'இரண்டும் சேர்ந்து காணப்படுகின்றன' என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வயது, எத்தனை ஆண்டு பணி, பாடம், ஒரு வாரத்தில் திருத்தும் தாள் எண்ணிக்கை, வீட்டு வேலை நேரம், தூக்கம், மன அழுத்தம், இவற்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தமிழும் ஆங்கிலமும் எடுப்பவர்களின் தாளில் கட்டுரை வரிக்கு வரி படிக்க வேண்டியிருக்கும், உடற்கல்வி ஆசிரியருக்குக் கட்டே இல்லை. எல்லோரையும் ஒரே சராசரியில் போட்டால் இருவரையுமே அளந்ததாக ஆகாது.

கடைசியாக, முடிவைப் பள்ளிக்குத் திருப்பிக் கொடுங்கள், ஒரே பக்கத்தில், யாருடைய குறியீடும் இல்லாமல். ஐந்து பேருக்குக் குறைவான குழுவைத் தனியாகக் காட்டாதீர்கள், இரண்டே அறிவியல் ஆசிரியர்கள் உள்ள பள்ளியில் 'அறிவியல் ஆசிரியர்கள்' என்று எழுதினால் யாரென்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். அந்தப் பக்கத்தில் டேப் அளவுகள் மேலே இருக்கட்டும், ஆசிரியர்களின் பழக்கம் அதற்குக் கீழே. என்னைக் கேட்ட தலைமையாசிரியருக்கு அப்படித்தான் கொடுத்தேன். அவர் முதலில் படித்தது மேசை உயரத்தைத்தான், படித்துவிட்டு ஸ்டாஃப் ரூமுக்குப் போய் ஒரு நாற்காலியில் தானே உட்கார்ந்து பார்த்தார். இப்போது அங்கே பன்னிரண்டு சாய்வட்டைகள் இருக்கின்றன, பள்ளித் தச்சரே செய்தது. அவை பயன்படுகின்றனவா என்று பார்க்க, வரும் ஜனவரியில் அதே கேள்வித்தாளோடு மறுபடி போகிறேன்.